பவர் சேவ் போட்டும் வைஃபை சென்சார் இரண்டே நாளில் பேட்டரியைக் காலி செய்கிறது. எங்கே தப்பு?

மின்மினிப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக மண்டை காய்கிறது, அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

இஎஸ்பி32 (வைஃபையோடு வரும் சின்ன கன்ட்ரோலர் சிப்) போர்டு ஒன்றில் வெப்பநிலை, ஈரப்பத சென்சார் மாட்டியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து வைஃபை வழியாக வீட்டுக்குள்ளேயே இருக்கும் சர்வருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. 2500 மில்லி ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி. அனுப்பும் தகவல் நூறு பைட்டைத் தாண்டாது, ஆறு மாதமாவது ஓடும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரே நாளில் படுத்துவிட்டது.

அப்புறம் தேடிப் பார்த்து வைஃபை பவர் சேவை ஆன் செய்தேன். இரண்டு நாள் சொச்சம் வந்தது. முன்னேற்றம்தான், ஆனால் ஆறு மாதம் எங்கே, இரண்டு நாள் எங்கே. கோடில் பெரிதாக ஒன்றும் இல்லை: இணைந்துகொள்ளும், அனுப்பும், பத்து நிமிடம் டிலே, மறுபடி அனுப்பும்.

இதோடு இன்னொரு போர்டும் இருக்கிறது. அது ஒரு தண்ணீர் வால்வைத் திறந்து மூடும். அதுவும் பேட்டரிதான். அதற்கு நான் போனிலிருந்து கட்டளை கொடுத்தால் இரண்டு மூன்று நொடிக்குள் திறக்க வேண்டும், ஆகவே அது தூங்கிப்போனால் சரிவராது என்று நினைக்கிறேன். ரௌட்டரில் பீக்கன் இன்டர்வல், டிடிம் என்று ஏதேதோ எண்கள் இருக்கின்றன. அதில் கை வைக்கலாமா? இல்லை, வைஃபையே பேட்டரிக்கு லாயக்கில்லை, வேறு ரேடியோவுக்குப் போ என்பீர்களா?

சோல்டர்சாமி:

வேறு ரேடியோவுக்கு ஓட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

அனுப்பும் நேரத்தைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், காத்திருக்கும் நேரத்தை யாரும் போடுவதில்லை. இஎஸ்பி32 டேட்டாஷீட்டைப் பாருங்கள்: அனுப்பும்போது மோடைப் பொறுத்து 180 முதல் 240 மில்லி ஆம்பியர், சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே 95 முதல் 100. நூறு பைட்டை அனுப்ப ரேடியோவுக்கு ஒன்றிரண்டு மில்லிநொடி போதும். பத்து நிமிடத்தின் மிச்சம் முழுக்க, யாராவது நம்மைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது உங்கள் போர்டு. 2500-ஐ 100-ஆல் வகுத்தால் 25 மணி நேரம். ஒரே நாளில் படுத்ததில் அதிசயம் எதுவும் இல்லை.

இதற்குத்தான் 1997-இல் வந்த முதல் 802.11 தரத்திலேயே (வைஃபையின் அடிப்படைத் தரம்) பவர் சேவ் வைத்தார்கள். கருவி தூங்கப் போகும் முன் ஒரு வெற்று ஃப்ரேமை (காற்றில் போகும் ஒரு தகவல் துண்டு) அனுப்பி, அதில் பவர் மேனேஜ்மென்ட் பிட்டை 1 என்று வைக்கும். "நான் படுக்கிறேன், எனக்கு ஏதாவது வந்தால் எடுத்து வை" என்று அர்த்தம். ரௌட்டர் அதன் பேக்கெட்டுகளைத் தன் பஃபரில் வைத்துக்கொண்டு, பீக்கனில் (ரௌட்டர் விட்டு விட்டு அனுப்பும் அறிவிப்பு) உள்ள டிம் என்ற பட்டியலில் அந்தக் கருவியின் எண்ணுக்கு நேரே ஒரு குறி போடும். பீக்கன் பெரும்பாலும் 102.4 மில்லிநொடிக்கு ஒன்று வரும் (100 என்று ரௌட்டரில் போட்டிருப்பது 1024 மைக்ரோநொடி கொண்ட அலகில்). கருவி பீக்கன் நேரத்துக்கு மட்டும் கண் விழித்துப் பட்டியலைப் பார்க்கும். தன் பெயர் இருந்தால் பிஎஸ் போல் என்ற சின்ன ஃப்ரேமை அனுப்பி ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் மறுபடி தூக்கம்.

இது வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க ஆசையா? கணினியிலிருந்து அந்தப் போர்டுக்குப் பிங் அடியுங்கள். பவர் சேவ் இல்லாதபோது 3, 4 மில்லிநொடி என்று வந்துகொண்டிருக்கும். ஆன் செய்ததும் 12, 87, 41, 103, 66 என்று கன்னாபின்னாவென்று துள்ளும். அடுத்த பீக்கன் வரும்வரை உங்கள் பிங் ரௌட்டரின் பஃபரில் குந்தியிருக்கிறது, அதுதான் அந்தத் துள்ளல். எத்தனை பீக்கனுக்கு ஒன்று டிடிம் என்ற சிறப்புப் பீக்கன் என்பதை ரௌட்டரில் வைக்கலாம், கருவி அதற்கு மட்டும் எழுவதும் உண்டு. அந்த டிடிம் எண் 3 ஆக இருந்தால் 300 வரைகூடப் போகும். "நெட் ஸ்லோ" என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி.

சரி, அப்படியானால் ஏன் இரண்டே நாள்? நீங்கள் ஆன் செய்தது மோடம் ஸ்லீப். அதில் ரேடியோ மட்டும்தான் தூங்கும், சிபியு முழித்தே இருக்கும். உங்கள் கோடில் உள்ள டிலே வெறும் டிலே, அது சிப்பைத் தூங்க வைக்காது. மோடம் ஸ்லீப்பில் சிபியுவின் வேகத்தைப் பொறுத்து 20 முதல் 68 மில்லி ஆம்பியர் வரை டேட்டாஷீட்டே சொல்கிறது. லைட் ஸ்லீப் (சிபியுவும் தூங்கும், இணைப்பைக் காப்பாற்றலாம்) என்றால் 0.8. டீப் ஸ்லீப் (கிட்டத்தட்ட எல்லாமே அணையும், இணைப்பும் போகும்) என்றால் 10 மைக்ரோ ஆம்பியர், மில்லி இல்லை, மைக்ரோ.

சென்சாருக்கு யாரும் கட்டளை கொடுக்கப்போவதில்லை. அது எதற்கு இணைப்பிலேயே இருக்க வேண்டும்? டீப் ஸ்லீப்பில் போடுங்கள். வால்வு கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன், இப்போது வேலை கிடக்கிறது.

ரௌட்டர்ராசா:

பேசாமல் வைஃபை 6 ரௌட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள் ப்ரோ. டிடபிள்யூடி இருக்கிறது, பேட்டரி பிரச்சினையே வராது.

பாக்கெட்பார்ப்பான்:

ராசா அண்ணே, ரௌட்டரை மட்டும் மாற்றி என்ன பயன்? டிடபிள்யூடி என்பது இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம். "நான் இத்தனை நொடிக்கு ஒருமுறை, இத்தனை மில்லிநொடி விழித்திருப்பேன், அப்போது மட்டும் கூப்பிடு" என்று கருவி கேட்க வேண்டும், ரௌட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய இஎஸ்பி32 வைஃபை 4 வரைதான், அதற்கு இந்தப் பேச்சே தெரியாது. அதே குடும்பத்தில் சி6 சிப்புக்குத் தெரியும், அதை வாங்கினால் உங்கள் யோசனை செல்லும்.

முறை நல்ல முறைதான், அதை நான் மறுக்கவில்லை. முதலில் 802.11ஏஹெச்-இல் வந்து, பிறகு 2021-இல் வெளியான 802.11ஏஎக்ஸ்-இல், அதாவது வைஃபை 6-இல், நுழைந்தது. பீக்கனையே பொருட்படுத்தாமல் தூங்கலாம் என்பதுதான் அதன் பலம். இடைவெளியைக் குறிக்கும் புலத்தின் அளவைப் பார்த்தால் கோட்பாட்டில் வருடக்கணக்கில்கூடப் போடலாம், எவன் போடுவான் என்பது வேறு விஷயம். இன்னொரு லாபம், பல கருவிகளை வெவ்வேறு நேரத்துக்குப் பிரித்து எழுப்பலாம், எல்லாம் ஒரே பீக்கனுக்கு எழுந்து ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாது.

அதைவிட ஒரு படி மேலே 802.11பிஏ இருக்கிறது, அதுவும் 2021. முதன்மை ரேடியோவை முழுசாக அணைத்துவிட்டு, ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாகத் தின்னும் சின்ன ரேடியோ ஒன்று மட்டும் காவலுக்கு இருக்கும். ரௌட்டர் அதற்கு ஒரு எழுப்பும் சிக்னல் அனுப்பினால் அது பெரியவரைத் தட்டி எழுப்பும். வால்வுக்கு இதுதான் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் கடையில் எடுத்துச் சோல்டர் செய்கிற மாதிரி ஒரு போர்டு இன்னும் என் கண்ணில் படவில்லை.

ஆகவே கையில் இருப்பதை வைத்துப் பேசுவோம். மின்மினி, டீப் ஸ்லீப் போடுவதற்கு முன் கணக்கு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டீப் ஸ்லீப் எப்போதும் ஜெயிக்காது. ஒவ்வொரு முறை எழும்போதும் சானல்களை ஸ்கேன் செய்து, அங்கீகாரம், இணைப்பு, நான்கு கட்டச் சாவிப் பரிமாற்றம், டிஹெச்சிபி (ஐபி முகவரி கேட்டு வாங்குவது) என்று எல்லாச் சடங்கும் முதலிலிருந்து நடக்கும். இது 3 நொடி, சராசரி 120 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 360 மில்லி ஆம்பியர் நொடி. மாறாக, இணைப்பிலேயே இருந்து லைட் ஸ்லீப்பில் டிடிம் 3-க்கு ஒருமுறை, அதாவது 307 மில்லிநொடிக்கு ஒருமுறை, 5 மில்லிநொடி 100 மில்லி ஆம்பியரில் விழித்தால் சராசரி 1.6, அதோடு தூக்கச் செலவு 0.8, ஆக 2.4 மில்லி ஆம்பியர். 360-ஐ 2.4-ஆல் வகுத்தால் 150. அதாவது இரண்டரை நிமிடத்தைவிட அடிக்கடி அனுப்புவதானால் இணைப்பிலேயே இருப்பது மலிவு, அதைவிட நீண்ட இடைவெளி என்றால் டீப் ஸ்லீப் மலிவு. உங்களுடையது பத்து நிமிடம், யோசிக்கவே வேண்டாம்.

அந்த 3 நொடியையும் சுருக்கலாம். ரௌட்டரின் சானல் எண்ணையும் பிஎஸ்எஸ்ஐடியையும் (ரௌட்டர் ரேடியோவின் முகவரி) தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி மெமரியில் வைத்துக்கொண்டால் ஸ்கேன் மிச்சம். நிலையான ஐபி கொடுத்தால் டிஹெச்சிபி மிச்சம் (டிஹெச்சிபி வழங்கும் வரம்புக்கு வெளியே ஒரு எண்ணாகப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் யாருடைய போனோடாவது மோதும்). அரை நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ரௌட்டர் தானாகச் சானல் மாற்றும் வகை என்றால், பழைய சானலில் ஆள் இல்லாதபோது முழு ஸ்கேனுக்குப் போகும்படி கோடில் ஒரு வழி விட்டு வையுங்கள். நான் விடவில்லை, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு நான்கு சென்சாரும் ஒரே இரவில் பேட்டரி தீர்ந்து செத்தன.

மின்மினிப்பெட்டி:

அடேயப்பா, இவ்வளவு விஷயமா. நன்றி அண்ணா. டீப் ஸ்லீப் போட்டுவிட்டேன். ஆனால் மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து அளக்கப் பார்த்தால் இரண்டு வினோதம். தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர் வர வேண்டிய இடத்தில் 6 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. அப்புறம், மீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றினால் போர்டு எழுந்ததுமே ரீசெட் ஆகிறது, மறுபடி எழுகிறது, மறுபடி ரீசெட், இப்படியே சுற்றுகிறது. போர்டு போச்சா?

சோல்டர்சாமி:

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டர்தான் குறுக்கே நிற்கிறது. சின்ன ரேஞ்சில் மீட்டருக்குள் இருக்கும் மின்தடை அதிகம். ரேடியோ ஆன் ஆகும் நொடியில் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும்போது அந்தத் தடையிலேயே வோல்டேஜ் விழுந்து, சிப் பிரவுன்அவுட் (வோல்டேஜ் போதவில்லை) என்று சொல்லி ரீசெட் ஆகிறது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் குறுக்கே இணைத்து வைத்து, போர்டு தூங்கிய பிறகு ஒயரை எடுத்துவிட்டு அளவைப் பாருங்கள். எழுவதற்குள் ஒயரைத் திரும்ப வைத்துவிட வேண்டும், கை வேகம் முக்கியம்.

6 மில்லி ஆம்பியர் சிப்புடையது இல்லை, போர்டுடையது. அதில் உள்ள 1117 வகை ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் வரை தின்னும். பவர் எல்இடி ஒன்று, யூஎஸ்பி சிப் ஒன்று. 6 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 144 மில்லி ஆம்பியர் அவர், உங்கள் பேட்டரிக்கு 17 நாள். நீங்கள் வைஃபையில் என்ன வித்தை காட்டினாலும் அந்த 17 நாளைத் தாண்ட முடியாது. எல்இடியைப் பிடுங்குங்கள், ரெகுலேட்டரை மைக்ரோ ஆம்பியரில் ஓடும் வகையாக மாற்றுங்கள், யூஎஸ்பி சிப்புக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். புரோட்டோகால் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம், கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது.

வால்வு போர்டிலும் இதையே செய்துவிட்டு வாருங்கள்.

அலைவரிசைஅக்கா:

வால்வைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் நன்றாக அடிபட்டவள் நான்.

என்னிடம் ஒரு மோட்டார் கருவி இருந்தது, ரொம்பப் புத்திசாலியாக லிசன் இன்டர்வலை 50 என்று வைத்தேன். 50 பீக்கனுக்கு ஒருமுறை எழுந்தால் போதும், கிட்டத்தட்ட 5 நொடி. கரண்ட் அளவு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் மணிக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்த மாதிரி, இணைப்பு அறுந்துவிடும். கோடை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன், ரௌட்டரையே இடம் மாற்றினேன். கடைசியில் காற்றில் போகும் ஃப்ரேம்களைப் பிடித்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ரௌட்டர் 3600 நொடிக்கு ஒருமுறை குரூப் சாவியை (எல்லாக் கருவிக்கும் பொதுவான மறையாக்கச் சாவி) மாற்றுகிறது. புதிய சாவியை ஒவ்வொரு கருவிக்கும் அனுப்பி, பதில் வராவிட்டால் ஒரு நொடி போல விட்டு விட்டு மொத்தம் நான்கு தடவை முயல்கிறது. என் கருவி 5 நொடித் தூக்கத்தில் இருக்கிறது. அது கண் விழிப்பதற்குள் நான்கு தடவையும் முடிந்து, வெளியே தள்ளிவிடுகிறார்கள். லிசன் இன்டர்வலை 10 ஆக்கினேன், அன்றோடு அந்த வியாதி போனது. சில ரௌட்டர்கள் இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் ஆரம்பத்திலேயே இணைக்க மறுக்கும், தரத்தில் அதற்கென்றே 51 என்று ஒரு மறுப்பு எண் உண்டு. அப்படி மறுத்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

உங்களுக்கும் 10 போதும். நொடிக்கு ஒருமுறை எழுந்தால் மேலே சொன்ன கணக்குப்படி சராசரி 1.3 மில்லி ஆம்பியர், பேட்டரி எண்பது நாள் வரும். கட்டளை கொடுத்தால் அதிகபட்சம் ஒரு நொடி தாமதம்.

ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது. பிராட்காஸ்ட் (எல்லோருக்கும்), மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு) ஃப்ரேம்களை ரௌட்டர் தனித்தனியாகப் பத்திரப்படுத்தாது, டிடிம் பீக்கன் முடிந்தவுடன் மொத்தமாகக் கொட்டிவிடும். உங்கள் கருவி 10-க்கு ஒருமுறைதான் எழுகிறது என்றால் இடையில் வந்த டிடிம்களை எல்லாம் கோட்டை விடும். விட்டால் என்ன என்று கேட்காதீர்கள். போன் முதல் தடவை வால்வைத் தேடும்போது "இந்த ஐபி யாருடையது" என்று கேட்கும் ஏஆர்பி கேள்வி பிராட்காஸ்ட்தான். அது வால்வின் காதில் விழாது. ஒரு தடவை வேலை செய்யும், மூன்று தடவை செய்யாது, பேய் பிடித்த மாதிரி இருக்கும். அதனால் போனிலிருந்து வால்வைத் தேடிப் போகாதீர்கள். வால்வே எம்க்யூடிடி (சின்னக் கருவிகளுக்கான செய்தி முறை) வழியாகச் சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கட்டும், நிமிடத்துக்கு ஒரு கீப் அலைவ் அனுப்பட்டும். கட்டளை அந்த இணைப்பிலேயே யூனிகாஸ்டாக, அதாவது அந்தக் கருவிக்கு மட்டும், வரும், ரௌட்டர் பஃபரில் எடுத்து வைக்கும், டிம்மில் குறி போடும், தப்பாது. ப்ராக்ஸி ஏஆர்பி உள்ள ரௌட்டர் என்றால் கருவிக்குப் பதிலாக ரௌட்டரே ஏஆர்பிக்குப் பதில் சொல்லிவிடும், அதுவும் நல்லது.

பீக்கன் இன்டர்வலில் கை வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், 100-லேயே இருக்கட்டும், அதைக் கூட்டினால் போன், லேப்டாப் எல்லாம் இடம் மாறும்போது ரௌட்டரைக் கண்டுபிடிக்கத் தடுமாறும். டிடிம்மை 3 ஆக்கலாம், இணைப்பிலேயே இருக்கும் எல்லாக் கருவிக்கும் லாபம். அதைவிட, 1 எம்பிபிஎஸ் போன்ற பழைய வேகங்களை நிறுத்த ரௌட்டரில் வசதி இருந்தால் நிறுத்திப் பாருங்கள். 300 பைட் பீக்கன் 1 எம்பிபிஎஸ்ஸில் வர 2.6 மில்லிநொடி ஆகும், 6 எம்பிபிஎஸ்ஸில் அரை மில்லிநொடிகூட ஆகாது. எழுந்திருக்கும் நேரம் அவ்வளவு குறையும். 802.11பி மட்டும் தெரிந்த கிழட்டுக் கருவி ஏதாவது வீட்டில் இருந்தால் அது கழன்றுகொள்ளும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டர்ராசா:

இடையில் ஒரு சந்தேகம். என் லேப்டாப்பில் தூரத்து மெஷினில் டைப் செய்தால் எழுத்து திக்கித் திக்கி வருகிறதே, அதுவும் இந்த பவர் சேவ்தானா? அப்படியானால் வைஃபையில் போன் பேசும்போது மட்டும் ஏன் திக்குவதில்லை?

பாக்கெட்பார்ப்பான்:

பெரும்பாலும் அதுதான். சார்ஜரில் இருக்கும்போது வைஃபை பவர் சேவை அணைத்துப் பாருங்கள், உடனே தெரியும். போன் பேச்சுக்கு வேறு வழி உண்டு: 2005-இல் 802.11இ-யோடு வந்த யூ-ஏபிஎஸ்டி. குரல் பேக்கெட் 20 மில்லிநொடிக்கு ஒன்று எப்படியும் மேலே போகிறது. அதையே தட்டியெழுப்பும் சிக்னலாக எடுத்துக்கொண்டு ரௌட்டர் கீழே வர வேண்டியதைக் கொடுத்துவிடும். பீக்கனுக்குக் காத்திருக்கவே வேண்டாம், நடுவில் தூங்கவும் செய்யலாம்.

மின்மினிப்பெட்டி:

எல்லாம் செய்துவிட்டேன். எல்இடி போச்சு, ரெகுலேட்டர் மாற்றியாச்சு, தூங்கும்போது 14 மைக்ரோ ஆம்பியர். வால்வு எம்க்யூடிடிக்கு மாறியது, லிசன் இன்டர்வல் 10, சொன்ன பேச்சைக் கேட்கிறது.

சென்சாரில் மட்டும் ஒரு புதிர். சோதனைக்காக 1 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்படி வைத்தால் இணைய 1.7 நொடி ஆகிறது. 10 நிமிடம் என்று வைத்தால் 0.6 நொடிதான். ஒரே கோட், ஒரே இடம். அடிக்கடி பழகினால் சீக்கிரம் சேர வேண்டாமா, இது தலைகீழாக இருக்கிறதே?

அலைவரிசைஅக்கா:

நல்ல கேள்வி. ரௌட்டரில் மேனேஜ்மென்ட் ஃப்ரேம் பாதுகாப்பு (போலி வெளியேற்றக் கட்டளைகளைத் தடுப்பது), அதாவது பிஎம்எஃப், ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் டீப் ஸ்லீப்புக்குப் போகிறீர்கள். ரௌட்டர் கணக்கில் நீங்கள் இன்னும் இணைந்துதான் இருக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் அதே முகவரியோடு வந்து மறுபடி கதவைத் தட்டினால், "இது உண்மையில் அவர்தானா, இல்லை வேறு யாராவது அவரை வெளியேற்றப் பார்க்கிறார்களா" என்று அதற்குச் சந்தேகம். கொஞ்சம் கழித்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டு, பழைய இணைப்பில் உள்ளவரிடம் கேள்வி கேட்டுப் பார்க்கும். பதில் வராமல் ஒரு நொடி போனதும்தான் உங்களை உள்ளே விடும். பத்து நிமிட இடைவெளியில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் 5 நிமிடம் அசைவில்லாத கருவியைப் பல ரௌட்டர்கள் பட்டியலிலிருந்து தாங்களே நீக்கிவிடுகின்றன.

தூங்கப் போகும் முன் முறையாக டிஸ்கனெக்ட் செய்துவிட்டுப் போங்கள். ஒரே ஒரு ஃப்ரேம்தான் செலவு.

மின்மினிப்பெட்டி:

பிஎம்எஃப் ஆன்தான். டிஸ்கனெக்ட் வரியைச் சேர்த்தேன், 1 நிமிடத்திலும் 0.6 வந்துவிட்டது. முதலில் சேர்த்தபோது மாறவில்லை, ஏன் என்று பார்த்தால் அந்த ஃப்ரேம் காற்றில் போவதற்குள்ளேயே சிப் தூங்கிவிடுகிறது. 20 மில்லிநொடி டிலே ஒன்று போட்டதும் சரியானது. இந்த ஒரு டிலேவைத் திட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன் சாமி அண்ணா.